மஞ்சள் தாடிக் கிடாயும் வல்லாரைக் கொண்டக்ரரும்

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மறதியை எதிர்த்துத் தனி ஒருவராகப் படை நடத்தியவர் யாரென்று கேட்டால், அரியாலையில் எங்கள் ஒழுங்கைச் சந்தின் முடிவில் இருக்கும் வல்லாரைக் கொண்டக்ரரைத்தான் சொல்லவேண்டும். அவருக்கு முன்னர் அப்படி ஒருவர் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் எங்களுக்கு ஞாபகமில்லை. நாங்கள் அப்போது வல்லாரை சாப்பிடத் தொடங்கியிருக்கவில்லை.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருக்கிறதாம். கிராமசேவகரின் இடாப்பில் அது பத்திரமாக உறங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து உடுப்பிட்டி வழியாக ஓடிய அரசாங்க பஸ்ஸில் முப்பது வருடத்துக்கு மேல் ரிக்கற் கிழித்தவர் என்பதால் ஊருக்கு அவர் கொண்டக்ரர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தோற்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. முன்னர் ரிக்கற்றும் சில்லறையும் கிடந்த அறைகளில் இப்போது ஈரத்துணியில் சுற்றிய வல்லாரைக் கட்டுகள் கிடக்கும்.

அவருக்கு மனிதர்களின் பெயர் தெரியாது. ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் தெரியும். "மாஸ்ரர், ஆவரங்காலிலை ஏறி ஆஸ்பத்திரியடியிலை இறங்கிற மெல்லிசு மனுசன் செத்துப்போச்சாம்" என்று என்னிடம் வந்து சொல்வார். செத்தது யார் என்று கண்டுபிடித்து நாங்கள் கவலைப்படத் தொடங்குவதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்துவிடும்.

வல்லாரை அவரிடம் வந்த கதை இது. ஓய்வு பெற்று இரண்டாம் வருடம் ஒரு காலை, கிணற்றடியில் குளித்துக்கொண்டே பழைய பஸ் தரிப்பிடங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர். ஏதோ இடறியது. நீர்வேலிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்த சிறுப்பிட்டியைக் காணவில்லை. ஓர் ஊரை, அதன் கோயிலோடும் கிணறுகளோடும் வாழைத்தோட்டங்களோடும் தொலைத்துவிட்டு, வாளியைப் பிடித்தபடி அவர் நெடுநேரம் நின்றாராம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய தண்ணீர் ஓடிய வாய்க்காலோரம் பச்சைப் பசேலென்று வல்லாரை படர்ந்திருந்தது. அதில் ஒரு பிடி கிள்ளி மென்றார். மத்தியானத்துக்குள் சிறுப்பிட்டி திரும்பிவிட்டது. வல்லாரையும் அவரை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் எவரும் எதையும் மறக்க அவர் அனுமதிக்கவில்லை. வல்லாரையைக் குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்னவெங்காயம், மஞ்சள், மிளகு, நல்லெண்ணெய் சேர்த்துக் குழைத்து வீடு வீடாகக் கொடுப்பார். புளி மட்டும் கூடாது. தேசிக்காய்ச் சாறுகூடக் கூடாது. புளி வல்லாரையை முறித்துப்போடுமாம். மீன்குழம்பு மணக்கும் வீடுகளுக்குள் ரிக்கற் பரிசோதகர் ஏறுவதுபோலச் சத்தமில்லாமல் நுழைவார்.

"புளி விட்டனீங்களோ?"

"மீன்குழம்புக்குப் புளி விடாமல் என்னத்தை விடுறது?"

"விடுங்கோ, விடுங்கோ. பிறகு பேரப்பிள்ளையைப் பாத்து ஆர் பெத்த பிள்ளையெண்டு கேளுங்கோ."

அவருடைய வைத்தியம் முதலில் வென்றது ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம். மூன்று கிழமையாக, இருபத்தொரு நாளும் விடாமல் சாப்பிட்ட தபாலதிபருக்கு, தன் இளவயதில் பக்கத்து வளவுக்காரர் எல்லைவேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது திடீரென்று ஞாபகம் வந்தது. அதுவரை கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒன்றாகப் போய்வந்த இரண்டு குடும்பங்கள் அடுத்த நாள் கத்தியும் கயிறுமாக வேலியடியில் நின்றன. கொண்டக்ரர் ஓடிப்போய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, "சண்டை கிடக்கட்டும், எவ்வளவு துல்லியமாச் சொல்லுறார் பாத்தியளே" என்று ஆனந்தப்பட்டார்.

நான் யாரென்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரத்துக் கல்லூரி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் இரசாயனம் படிப்பித்தவன். எதற்கும் ஆதாரம் கேட்பவன் என்று பெயர் எடுத்தவன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இனி நான் எழுதப்போவது அந்தக் கர்வத்துக்குப் பெருமை சேர்க்காது.

ஒரு நாள் கொண்டக்ரர் ஒரு காகிதக் கட்டோடு என்னிடம் வந்தார். தாவர உணவுகளில் உள்ள பொருள்கள் மறதி நோய்க்கு உதவுமா என்பது பற்றி யாரோ ஆங்கிலத்தில் எழுதியதை, சந்தியிலுள்ள கடையில் அச்செடுத்து வந்திருந்தார். எனக்கு முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தமிழில் சொல்லச் சொன்னார். மஞ்சளில் உள்ளது, வல்லாரையில் உள்ளது, தேயிலையில் உள்ளது என்று வாசித்துச் சொல்லிவிட்டு, ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தேன்.

"இது எலியிலை பாத்தது, கொண்டக்ரர். மனுசரிலை இன்னும் சரியாத் தெரியாது எண்டு அவையளே எழுதியிருக்கினம்."

"எலிக்கு வழி ஞாபகம் வந்ததாமோ?"

"வந்ததாம்."

"அப்ப சரிதானே. எலிக்கு உடுப்பிட்டிக்குப் போற தேவையும் இல்லை. அதுக்கே வந்திருக்கு."

பிறகு அவர் எனக்கு விளக்கம் தந்தார்.

"மஞ்சள் தனியப் போனால் வயித்தோடை இறங்கிப்போடும், மாஸ்ரர். எண்ணெய்தான் பஸ். மிளகுதான் ரிக்கற். ரெண்டும் இருந்தால்தான் இரத்தம் வரைக்கும் போகலாம். அதுக்கு அங்காலைதான் கரைச்சல், தொல்லை. மூளை வாசலிலை ஒரு செக்பொயின்ற் இருக்கு. கண்டவையையும் உள்ளுக்கு விடாது."

"வல்லாரையை விடுமோ?"

"வல்லாரை ஊர் ஆள்தானே, மாஸ்ரர்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அது அவ்வளவு பிழையில்லை. மஞ்சளின் சாரம் எண்ணெயில் கரைவது, மிளகு அதற்குத் துணைபோவது, மூளைக்கு ஒரு காவல் இருப்பது எல்லாம் உள்ள சங்கதிகள். இந்தக் காவலைப் பற்றி என் மாணவர்களுக்கு இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. "ஓம், ஓம்" என்று காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

அவர் அந்தக் காகிதத்தோடு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் மனைவி.

அவள் உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவள். நாளும் காலையில் இந்தக் கொண்டக்ரரின் பஸ்ஸில் போய், பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்புவாள். நான் நகரத்துக்குள் சைக்கிளில் போய் வந்ததால் அவளோடு அந்த பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை. ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் அடுப்பில் வைத்த பால். பிறகு கனடாவிலிருக்கும் மகனின் பிள்ளைகளின் பெயர்கள். கடைசியில் நான்.

என்னை மறந்தாள் என்றால் முற்றாக மறந்தாள் என்று இல்லை. எனக்கு வேறொரு பதவி கொடுத்தாள். நான் அறைக்குள் போனால் கல்விக் கந்தோரிலிருந்து இன்ஸ்பெக்ரர் வந்துவிட்டார் என்று நினைத்துக் கதிரையை விட்டு எழும்பி நிற்பாள். "சேர், பாடக்குறிப்பு எழுதி வைச்சிருக்கிறன்" என்பாள். நாற்பத்திரண்டு வருடம் கூட இருந்தவள் என்னைக் கண்டு எழும்பி நின்றதைப்போல ஒரு மரியாதையை நான் வாழ்நாளில் பெற்றதில்லை. இனிப் பெறவும் விரும்பவில்லை. இன்ஸ்பெக்ரருக்கு முன்னால் எந்த ஆசிரியையும் சாப்பிடமாட்டாள். ஆகையால் காலைச் சாப்பாடு பெரும்பாடாயிற்று. ஆஸ்பத்திரியில் டொக்ரர் குளிசை எழுதித் தந்து, போனதைத் திருப்பிக் கொண்டுவர இவற்றால் ஏலாது என்றும் மறைக்காமல் சொன்னார். இலைகறியும் மஞ்சளும் சாப்பாடாக நல்லவை, கொடுங்கள், ஆனால் அதை மருந்தென்று நம்பிக் குளிசையை விடவேண்டாம் என்றார்.

கொண்டக்ரர் முதன்முதலாகக் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுப் படியேறிய காலை எனக்கு அப்படியே இருக்கிறது. விறாந்தையில் பத்துமணி வெயில் விழுந்திருந்தது. அவள் கதிரையில் இருந்து வாசலைப் பார்த்தாள். தோற்பையைக் கண்டாள். முகம் முழுவதும் மெல்ல விரிந்தது.

"தம்பி, உடுப்பிட்டி ஒண்டு."

கொண்டக்ரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வழிவிடுங்கோ, வழிவிடுங்கோ, ரீச்சருக்கு இடம் குடுங்கோ" என்று, அங்கே இல்லாத நாற்பது பேரை ஒதுக்கினார். பையிலிருந்து ஒரு வல்லாரை இலையைக் கிள்ளி ரிக்கற்றாக நீட்டினார். யன்னல் கம்பியில் நாணயத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் விறாந்தை புறப்பட்டது.

"கோப்பாய் இறக்கம்" என்று அவர் குரல் கொடுத்தால், "நீர்வேலி வரப்போகுது" என்பாள் அவள். சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால். மூன்று மாதமாக என் பெயரைச் சொல்லாத வாய் ஊர்களை ஒழுங்காகச் சொல்லியது. ஆவரங்கால் தாண்டியதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். வல்லைவெளி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மரமில்லாத வெளி, கடல்நீர் ஏறி நிற்கும் தரவை, உப்புக்காற்று. அவள் சேலைத்தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முற்றத்து வெண்மணலில் வெயில் அசைந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்க, அது எனக்கும் தண்ணீராகத் தெரிந்தது. செவ்வரத்தம் செடிக்குப் பின்னால் ஏதோ பறவைகள் ஒற்றைக்காலில் நின்றன என்றுகூடச் சொல்வேன். பாலம் கடக்கும்வரை எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"உடுப்பிட்டி, உடுப்பிட்டி."

அவள் இறங்கினாள். விறாந்தையிலிருந்து நேரே சாப்பாட்டு மேசைக்குப் போய், அங்கே உட்கார்ந்து, வைத்திருந்த இடியப்பத்தைச் சாப்பிடத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த ஆசிரியைக்குப் பசிக்கும்தானே.

போகும்போது கொண்டக்ரர் கிண்ணத்தை என் கையில் தந்தார். "சோத்தோடையோ இடியப்பத்தோடையோ குழைச்சுக் குடுங்கோ, மாஸ்ரர். ஒரு கரண்டி மிச்சம் விடாதையுங்கோ."

நான் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் பின்வேலிக்கு மேலால் பின்வீட்டுப் பவளமக்காவின் ஆட்டுக்கிடாய்க்கு வைத்தேன்.

அன்றைக்கு மட்டுமில்லை. அடுத்த எட்டு மாதமும் நாள் தவறாமல் வைத்தேன். நாளும் அவர் "ரீச்சர் சாப்பிட்டவவோ?" என்று கேட்பார். நான் "ஓம், முழுக்கச் சாப்பிட்டவ" என்பேன். ஆதாரமில்லாத வைத்தியத்தை மனைவிக்குக் கொடுப்பதில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். நல்ல காரணம்தான். ஆனால் அது உண்மையில்லை. கடையில் வாங்கிய வல்லாரையை அதே கிழமையில் நானே சம்பலாக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். கொண்டக்ரரைக் கண்டால் அவள் சிரித்தாள். என்னைக் கண்டால் எழும்பி நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுபத்தாறு வயதில், ஒரு பஸ் கொண்டக்ரர்மேல் எனக்குப் பொறாமை. இதுதான் காரணம்.

கிடாய் மிக நன்றாக இருந்தது. மிளகு உறைப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பத்து மணி தாண்டியதும் எங்கிருந்தாலும் வேலியடிக்கு வந்துவிடும். வாசற்படலைக் கொளுக்கியை மூக்கால் தூக்கித் திறக்கப் பழகியது. பவளமக்காவின் நான்கு பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து எந்த நாளில் போன் எடுப்பார்கள் என்பதுகூட அதற்குத் தெரியும் என்று நான் சந்தேகித்தேன். நான் அதற்குப் பேராசிரியர் என்று பெயர் வைத்தேன். வேலிக்கு மேலால் கிண்ணத்தை நீட்டி, "சாப்பிடும், பேராசிரியர்" என்று சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் மஞ்சளின் ஒரு குணத்தை இரசாயன ஆசிரியனாகிய நான் கணக்கில் எடுக்கவில்லை. அது பட்ட இடத்தை விட்டுப் போகாது. எட்டு மாதத்தில் பேராசிரியரின் தாடி தங்க நிறமாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வேள்விக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு மஞ்சள் தெளித்து மாலை போடுவார்கள். மஞ்சள் ஏறிய கிடாய் சாகப்போகும் கிடாய். ஒழுங்கையில் அந்தத் தாடியைக் கண்ட கொண்டக்ரர் அப்படித்தான் நினைத்துவிட்டார். நேரே பவளமக்காவிடம் போனார். அங்கே நடந்ததைப் பவளமக்கா பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"அக்கா, உந்தக் கிடாயை எந்தக் கோயிலுக்கு நேந்தனீங்கள்?"

"நானோ? உமக்கு ஆர் சொன்னது?"

"மறைக்காதையுங்கோ. தாடி சொல்லுது. பாவமக்கா, வாயில்லாச் சீவன். நேத்தியை மாத்தலாம். பொங்கிப் படைக்கலாம். நான் வேணுமெண்டால் உங்களுக்காண்டிக் கோயிலைச் சுத்தி உருண்டு பிரதட்டை பண்ணுறன்."

"எனக்கு ஒரு நேத்தியும் இல்லைக் காணும். உது நாளும் பத்து மணிக்குப் பிறகு மாஸ்ரரின்ரை வேலியடிக்குப் போகுது. வரேக்கை மஞ்சளோடை வருது. ஆர் பூசுறதெண்டு நானும் ஒரு மாசமாப் பாக்கிறன்."

மறுநாள் கொண்டக்ரர் வழமைபோல எங்கள் வீட்டுக்கு வந்து, உடுப்பிட்டி வரை பஸ் ஓட்டி, கிண்ணத்தை என்னிடம் தந்துவிட்டுப் படலையால் போனார். போனவர் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் பவளமக்காவின் வளவுக்குள் வந்து, விறகுக் குவியலுக்குப் பின்னால் அவரோடு குந்தியிருந்திருக்கிறார். என் பேராசிரியரைக் காப்பாற்றத்தான்.

நான் வேலிக்கு மேலால் கிண்ணத்தை நீட்டினேன். பேராசிரியர் வாயை வைத்தார்.

"மாஸ்ரர்."

விறகுக்குப் பின்னால் இரண்டு தலைகள் எழுந்தன. நான் கிண்ணத்தை மறைக்கப் பார்த்தேன். கிடாய் அதை விடவில்லை.

அந்த இடத்தில் நான் சிரித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பிடிபட்ட மனிதனுக்கு வரும் கோபம்தான் எனக்கு வந்தது.

"ஓம், ஆட்டுக்குத்தான் வைக்கிறன். எட்டு மாசமா உம்மடை வல்லாரையிலை ஒரு கரண்டி அவவின்ரை வாய்க்குள்ளை போகேல்லை. உம்மடை வைத்தியம் உந்த ஆட்டுக்குத்தான் சரி."

பவளமக்கா தலையில் கைவைத்தார். கொண்டக்ரர் என்னைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ரீச்சர் சொன்ன தரிப்பெல்லாம்?"

"அது அவவுக்கு முந்தியே பாடம்."

அவர் தலையை ஆட்டினார். தோற்பையைச் சரிசெய்துகொண்டு போனார். அடுத்த நாள் பத்து மணிக்கு அவர் வரவில்லை.

அவள் விறாந்தையில் இருந்தாள். பத்தரைக்கும் இருந்தாள். "சாப்பிட வாரும்" என்று கூப்பிட்டேன். எழும்பி நின்று, "பஸ் இன்னும் வரேல்லை, சேர்" என்றாள். உடுப்பிட்டிக்குப் போகாமல் சாப்பாட்டு மேசை எங்கே இருக்கிறது? பின்னேரம் ஒரு கோப்பை தேத்தண்ணியும் ஒரு விசுக்கோத்தும் இறங்கின. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நானே கொண்டக்ரராக வேலைக்குச் சேர்ந்தேன். சந்தைக்குப் போகும் பையைத் தோளில் மாட்டினேன். யன்னல் கம்பியில் தட்டினேன். "கோப்பாய், கோப்பாய்" என்று கூவினேன். வாழ்க்கையில் நான் கூவியதில்லை. குரல் எங்கோ மூக்கால் வந்தது. அவள் என்னைப் பார்த்து மெதுவாக எழுந்தாள்.

"சேர், நீங்களும் பஸ்ஸிலையோ? பாடக்குறிப்பு பள்ளிக்கூடத்திலை இருக்கு, சேர். உண்ணாணை இருக்கு."

பஸ்ஸிலும் இன்ஸ்பெக்ரர் வந்துவிட்டார். அவளுக்கு இருந்த அந்த ஒரு இடத்துக்குள்ளும் நான் புகுந்து அவளைப் பயப்படுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் விறாந்தைக்கும் வர மறுத்தாள். ஐந்தாம் நாள் மெலிந்த அவள் கையில் காப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஓடியது. பவளமக்காவை அவளோடு இருத்திவிட்டுக் கொண்டக்ரர் வீட்டுக்குப் போனேன்.

அவர் கிணற்றடியில் ஒரு கல்லின்மேல் இருந்தார். ஐந்து நாளாகக் கிள்ளாத வல்லாரை வாய்க்காலைத் தாண்டி நடைபாதைக்கு ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"கிடாய்க்கு வயித்தாலை போகேல்லையே, மாஸ்ரர்? கடைசி மாசம் மிளகு கொஞ்சம் கூட."

"அது நல்லா இருக்கு" என்றேன். பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவரை நீங்கள் என்று கூப்பிட்டேன். "உங்கடை வைத்தியத்தை நம்பாததாலை இல்லை நான் அதைச் செய்தது. அவ உங்களைக் கண்டு சிரிச்சா. என்னைக் கண்டு எழும்பி நிண்டா. எனக்குத் தாங்கேல்லை. அதுதான்."

அவர் ஒரு வல்லாரைத் தண்டைப் பிடுங்கிக் கையில் சுற்றினார்.

"ஒரு நாள் ரீச்சர் ஆவரங்காலை விட்டிட்டா. ஞாபகம் இருக்கோ? அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை. என்ரை கைப்பிழையெண்டு மிளகைக் கூட்டினன். பிறகு குறைச்சன். எண்ணெயை மாத்திப் பாத்தன். எட்டு மாசம், மாஸ்ரர். நான் ஆட்டுக்கோ இவ்வளவு யோசிச்சனான்?"

அவர் தண்டை வாய்க்காலுக்குள் போட்டார்.

"அது பறவாயில்லை. ஆடும் சீவன்தான். ஆனால் சாவகச்சேரியிலை ஒரு மனுசி இருக்கிறா. புருசனுக்கு உதே மறதி வருத்தம். ரீச்சருக்கு வல்லாரையாலை நல்ல குணம், மாஸ்ரரே சாட்சியெண்டு சொல்லி அவைக்கும் குடுத்தனான். குளிசையை நிப்பாட்டாதையுங்கோ எண்டும் சொன்னனான்தான். எண்டாலும் நீங்கள் என்னை ஒரு பொய்க்காரனாக்கிப் போட்டியள்."

செய்யாத பரிசோதனைக்கு அளவீடுகளை இட்டுக்கட்டி எழுதிய மாணவர்களை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று டொக்ரர்மார். அவர்கள் யாரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

"அங்கை வந்து நானே சொல்லுறன்" என்றேன்.

"இப்பவோ?"

"இப்பவே."

இருவரும் சாவகச்சேரி பஸ் ஏறினோம். கொண்டக்ரர் பயணியாக இருக்கத் தெரியாதவர். வழி முழுவதும், உள்ளே தள்ளி நிற்கும்படி மற்றவர்களை ஏவிக்கொண்டு வந்தார். அந்த பஸ்ஸின் சொந்தக் கொண்டக்ரர் பயந்துபோய் அவரிடம் ரிக்கற்றுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் எங்களை இருக்கவைத்துத் தேத்தண்ணி தந்தார். நான் கிடாய்க் கதையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். பக்கத்தில் அவருடைய கணவர் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்து விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அதை மருந்தெண்டு நினைச்சுக் குடுக்கேல்லை, ஐயா" என்றார் அந்தப் பெண். "இந்தாள் நான் சமைக்கிறதெல்லாத்தையும் துப்பிப்போடும். உதை மட்டும் துப்பேல்லை. அது போதும் எனக்கு."

திரும்பி வரும்போது கொண்டக்ரர் என்னைத் தாண்டிப்போய் முன் இருக்கையில் இருந்தார். வீட்டுப் படலையில் பிரியும்போது, "நாளைக்குப் பாப்பம்" என்றார். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படலை திறந்தது. அவள் அறைக்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். கொண்டக்ரர் விறாந்தையில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், யன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பவும் தட்டினார். "உடுப்பிட்டி, வல்வெட்டித்துறை, ஏறுறவை ஏறுங்கோ." குரல் உரத்து வரவில்லை. தூரத்துச் சந்தியில் யாரோ கூப்பிடுவதுபோல மெல்ல வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் வந்தாள்.

"இண்டைக்குச் சரியாப் பிந்திப்போச்சு, தம்பி."

"ஓம் ரீச்சர். வல்லையிலை காத்து."

அவள் கதிரையில் இருந்தாள். கொண்டக்ரர் இன்னொரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு, என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் தயங்கினேன். அவள் என்னைக் கண்டு எழும்பப் போனாள்.

"இருங்கோ, ரீச்சர். இவர் இன்ஸ்பெக்ரர் இல்லை. உடுப்பிட்டிக்கு முதல்தரம் போறார். வழி தெரியாது. நீங்கள்தான் காட்டிவிடவேணும்."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். வழி தெரியாத ஒரு கிழவனை. பிறகு சேலையை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள்.

"பயப்பிடாதையுங்கோ. நானும் அங்கைதான் இறங்கிறனான்."

நாற்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக என் மனைவியின் பயணத்தை அன்று பார்த்தேன். இருபாலையில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் ஏறுவார்கள் என்று சொன்னாள். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றுவார்கள், கால் வைக்க இடம் இருக்காது என்றாள். புத்தூர் அவளுக்கு வரவில்லை. கொண்டக்ரர் எடுத்துக் கொடுக்கவில்லை, பஸ்ஸை அங்கேயே நிறுத்திவைத்துக் காத்திருந்தார். புத்தூர் வராமலே நாங்கள் ஆவரங்காலுக்குப் போனோம். வல்லைவெளி வந்ததும் என் கையை எடுத்து என் சட்டை நுனியில் வைத்தாள். "பிடியுங்கோ. காத்து அடிக்கும்." நான் பிடித்துக்கொண்டேன். முற்றம் நிறையத் தண்ணீர் மின்னியது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் அதைக் கடந்தோம்.

இறங்கியதும் மேசையில் எனக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைக்கச் சொன்னாள், விருந்தாளி அல்லவா. கொண்டக்ரரின் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து முதலில் நான் வாயில் வைத்தேன். எட்டு மாதம் தீர்ப்புச் சொன்ன பண்டத்தை அப்போதுதான் ருசி பார்க்கிறேன். கசப்பு, அதற்கு மேல் மிளகு. நான் விழுங்குவதைப் பார்த்துவிட்டு அவளும் சாப்பிட்டாள். வாசலில் நின்ற கொண்டக்ரர் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. வல்லாரை அவளுக்கு எதைத் திருப்பித் தந்தது என்று என்னால் சொல்ல முடியாது. தந்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன். டொக்ரர் சொன்னபடியே ஊர்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. இப்போது கோப்பாயிலிருந்து நேரே வல்லைவெளிதான். என்னை அவளுக்கு இன்னும் தெரியாது. ஆனால் எழும்பி நிற்பதில்லை, சேலையை ஒதுக்கி இடம் விடுகிறாள்.

கொண்டக்ரருக்கும் வயது போகிறது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, ஒழுங்கையில் தடவித் தடவித்தான் வருகிறார். நேற்று அவர் கால்மணித்தியாலம் பிந்திவிட்டார். அவள் கதிரையில் அமைதியாகத்தான் இருந்தாள். படலையைத் திறந்து வைத்துவிட்டு, வெயிலில் நடு ஒழுங்கையில் நின்று அவர் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.